நறுமணம் யாருக்கு?

தாமிரவருணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் கரையில் ஒரு முற்பகல் நின்றிருந்தோம். ஊருக்குப் பெயர் தந்த புன்னையின் வெண்மலர் நல்ல வாசம் உடையது. அன்று நம் மூக்கை நிறைத்ததோ மீனும் கழிமுகச் சேறும்தான். ஏலத்தில் மீன் எடுக்க வந்திருந்த காயல்பட்டினத்துச் சகோதரர் ஒருவரிடம், லுஹருக்கு எந்தப் பள்ளிக்குச் செல்வீர்கள் என்று கேட்டோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஜும்ஆவுக்குக் குளிச்சிட்டுப் போயிருவேன் காக்கா. மத்த நாள் வீட்டுலதான். ஒருநாள் ஸஃப்புல பக்கத்துல நின்ன அத்தர்க்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தள்ளி நின்னார். அதோட விட்டுட்டேன்."

அந்தப் பேச்சு நம்மை விட்டு அகலவில்லை. நறுமணம் வணக்கத்துக்கு எவ்வளவு தூரம் துணை? அது இல்லாதவருக்கு ஜமாஅத்தில் இடம் எங்கே?

மூக்கின் அமைப்பு அல்லாஹ்வின் குத்ரத்தை நினைக்க வைப்பது. மனிதருக்குச் சுமார் 400 வகை மண உணர்விகள் உண்டு. அவற்றுக்கான மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். ஒலியும் ஒளியும் தலாமஸ் என்னும் வாயிலைக் கடந்தே மூளையின் மேற்பகுதிக்குச் செல்கின்றன. வாசனை அங்கே காத்து நிற்பதில்லை. அச்சமும் பாசமும் கிளரும் பகுதியையும் நினைவைக் காக்கும் பகுதியையும் குறுக்கு வழியில் எட்டி விடுகிறது. ஒரு துளி ஊது எண்ணெய், மௌத்தாகிப் போன வாப்பாவின் துணிப் பெட்டியைக் கண்முன் திறந்து வைப்பது இதனால்தான்.

மணத்தால் நோய் தணிக்கும் முறைக்கு கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியலார் 1930-களில் 'அரோமாதெரபி' எனப் பெயரிட்டார். மணம் மனத்தைச் சற்று இளக்கும் என்பது மெய். இது அமைதி தரும் என்ற எதிர்பார்ப்புக்கும் அதில் பெரும் பங்குண்டு. அரபு நாட்டு லுபானில் உள்ள ஒரு பொருளை ஊசி வழியே செலுத்தியபோது எலிகளின் பதற்றம் தணிந்ததாக 2008-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதைக் காட்டிச் சாம்பிராணி விற்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். சாம்பிராணி சுமத்திராத் தீவுப் பக்கத்து மரப்பிசின். லுபான் வேறு மரத்துப் பிசின்.

அது போகட்டும். திக்ரு மஜ்லிஸில் புகைக்கு நடுவே நெஞ்சு உருகுகிறதே, அது ஈமானின் உருக்கமா, பிசினின் வேலையா? கத்தோலிக்கச் சகோதரர்களின் ஆலயத்திலும் நறும்புகை எழத்தான் செய்கிறது. அங்கே இருப்பவர் நெஞ்சும் இளகத்தான் செய்யும். மணத்துக்கு மார்க்கம் தெரியாது. ஆகவே அந்த இளக்கத்தை வைத்து நம் தொழுகையை எடைபோட இயலாது. நறுமணத்தை விரும்பிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள்தாம் இஹ்ராமில் இருப்பவருக்கு அதைத் தடுத்தார்கள். வாழ்நாளின் உச்சமான அரஃபா நாளில் ஹாஜி புழுதியும் வியர்வையுமாகவே நிற்கிறார்.

அப்படியானால் அத்தர் எதற்கு? நாம் பூசிய அத்தர் சிறிது நேரத்தில் நமக்கே தெரியாமல் போகிறது. மூக்கு பழகி விடுகிறது. மீன்காரருக்கும் தம் கை நாற்றம் தெரிவதில்லை. இருவர் மேனியின் வாடையும் பக்கத்தில் நிற்பவருக்குத்தான். மய்யித்தின் இறுதிக் குளிப்பாட்டலில் கற்பூரம் சேர்க்கிறோமே, அதை மய்யித்தா நுகர்கிறது? ஆக, மணம் என்பது அடுத்தவரின் ஹக்கு. ஆஸ்துமாக்காரர் இருமும்போதும் புகையை மூட்டுகிறவர் இந்த ஹக்கைத்தான் மறக்கிறார்.

வெங்காயம், பூண்டு தின்றவர் பள்ளிக்கு வர வேண்டாம் என்ற ஹதீஸ் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மீன் விற்பவரையும் அதில் சேர்த்துப் பேசிய இமாம்களும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். மதீனாவின் உழைப்பாளிகள் வேலைத் துணியோடும் வியர்வையோடும் ஜும்ஆவுக்கு வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. குளித்துவிட்டு வரலாமே என்றார்கள். ஹளரத் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது இது. நாற்றம் போக வேண்டும், ஆள் போகக் கூடாது.

மீன் நாற்றத்தில் பெரும்பங்கு ட்ரைமெத்திலமின் என்னும் காரப் பொருளுடையது. புளிப்புப் பட்டதும் அது உப்பாகி, ஆவியாவதை விட்டு விடும். நம் வீட்டுப் பெண்கள் எலுமிச்சையும் புளியும் தேய்த்துக் கை கழுவுவது இதற்காகத்தான். பள்ளியின் ஹவ்ளுப் பக்கம் ஒரு கட்டிச் சோப்பும் நாலு எலுமிச்சம்பழமும், மாற்றிக்கொள்ள ஒரு வெள்ளைச் சாரமும் வைக்க முத்தவல்லிகளுக்கு என்ன செலவாகிவிடும்? தள்ளி நின்ற அந்த அத்தர்க்காரர் இதைப் படிப்பாராயின், நாளை லுஹருக்கு முன் மீன் கடைப்பக்கம் போய் அவரைத் தாமே அழைத்து வரட்டும்.