யாருடைய வெயில்?

நத்தத்துச் சித்திரை வெயிலை, அந்த ஊரில் ஒரு கோடையாவது கழித்தவர்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. வடக்கே கரந்தமலை, தெற்கே அழகர்மலைத் தொடர், மேற்கே சிறுமலை. இத்தனை மலைகள் சூழ்ந்திருக்கின்றனவே, ஊர் குளுகுளுவென்று இருக்குமாக்கும் என்று வெளியூர்க்காரர்கள் எண்ணுவார்கள். பகல் பதினோரு மணிக்குத் தெருவில் கால் வைத்தால் அந்த எண்ணம் போய்விடும். 1755-இல் கர்னல் ஹெரான் என்ற ஆங்கிலத் தளபதியின் படையை நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் தாக்கினார்கள் என்பது சரித்திரம். காடு அடர்ந்து கிடந்ததால் அது முடிந்தது. இன்று ஊருக்கு அகலமான சாலைகள் வந்துவிட்டன. மறைந்து நிற்க மரந்தான் குறைவு.

அந்த ஊரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஏ.ஸி. வாங்கினோம். ஆடம்பரத்துக்கு வாங்கவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, புழுக்கமான இரவுகளில் மூச்சு வாங்குகிறது. மருத்துவரும் சொல்லிவிட்டார். இப்படியெல்லாம் காரணம் அடுக்குகிறேனே, அதிலிருந்தே என் மனசில் ஏதோ உறுத்துகிறது என்று வாசகர்கள் கண்டுகொண்டிருப்பார்கள்.

மாட்ட வந்த பையன் வெளிப்பெட்டியை வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் மாட்டினான். மூன்று முழ அகலம் கூட இல்லாத சந்து அது. எதிர்ப்புறம் ஒரு சிறிய வீடு; மேலே சிமெண்டுத் தகடு. அந்த வீட்டுப் பெண் ரெடிமேட் சட்டைக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பவள். நத்தத்தில் பல வீடுகளில் அதுதான் பிழைப்பு. அவளுடைய ஒரே சன்னல் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் இருந்தது.

ஏ.ஸி. குளிரை உண்டாக்குகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அது குளிரை உண்டாக்குவதில்லை; அறையில் உள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அள்ளிக் கொட்டுவதற்குச் செலவாகும் மின்சாரத்தின் வெப்பத்தையும் அதோடு சேர்த்துக் கொட்டுகிறது. ஆக, எங்கள் அறை எவ்வளவு குளிர்ந்ததோ அதைவிட அதிகமாகச் சந்து சூடானது. அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். எதிர்வீட்டுச் சன்னல் சாத்திக்கொண்டது.

இரண்டு வாரம் கழித்துத்தான் நான் கவனித்தேன். சாத்திய சன்னலின் மேல் நனைத்த சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. உடனே பரிகாரம் தேடினேன். வெயில் காலத்தில் தகட்டுக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெப்பம் உள்ளே இறங்குவது குறையும். பழைய ஓட்டு வீடுகளிலும் தட்டோடு பதித்த மாடிகளிலும் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு வெள்ளையின் அருமை தெரிந்திருந்தது. அவளிடம் போய், “உன் கூரைக்கு என் செலவில் சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன், தங்கச்சி” என்றேன். பெரிய தர்மம் செய்யும் தோரணையில்தான் சொல்லியிருப்பேன்.

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “என் கூரைக்கு நான் அடிச்சுக்கிறேண்ணே. நீங்க உங்க பெட்டியை மாத்துங்க” என்றாள்.

அதில் கோபம் இல்லை. ஆனால் நான் அதுவரை படித்திருந்த அறநூல்கள் கற்றுத் தராத ஒன்று இருந்தது. ஒருவருக்கு உதவுவது வேறு. அவருக்கு நாம் செய்துகொண்டிருக்கும் தீங்கை நிறுத்துவது வேறு. முதலாவது நம் பெருந்தன்மை; இரண்டாவது நம் கடன். கடனைத் தீர்க்காமலே தர்மம் செய்து புண்ணியம் தேடிக்கொள்ளப் பார்த்தேன்.

உலகம் முழுவதும் இன்று பேசும் பருவநிலை மாற்றம் என்ற விவகாரம் எனக்கு அந்தச் சந்தில்தான் விளங்கியது. ஓர் அமெரிக்கரின் கணக்கில் ஆண்டுக்கு 14 டன்னுக்குக் குறையாமல் கரியமில வாயு ஆகாயத்துக்குப் போகிறது. ஓர் இந்தியரின் கணக்கில் சுமார் 2 டன். உடனே நமக்கு ஒரு திருப்தி பிறக்கிறது: தவறு அவர்களுடையது, நாம் ஏழைகள். ஆனால் அந்த 2 டன் சராசரி அல்லவா? காஜா எடுப்பவளின் ஒரு விளக்கையும் ஒரு விசிறியையும், என் வீட்டு ஏ.ஸி.யையும் காரையும் சேர்த்துக் கூட்டி வகுத்த தொகை அது. அவளுடைய சிக்கனத்தின் நிழலில் ஒளிந்துகொண்டு நான் அமெரிக்கரை நோக்கிக் கை நீட்டுகிறேன்.

ஊரின் மாந்தோப்புக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். மா பூப்பதற்கு மார்கழி, தை மாதங்களில் வறண்ட, குளிர்ந்த காலம் வேண்டும். அந்த நேரத்தில் மழை பிடித்தால் பூ கொட்டிப்போகும், தத்துப்பூச்சி விழும். 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. மறு ஆண்டு ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, திண்டுக்கல் சீமை வரை உள்ளே வந்தது. கடலைப் பார்த்திராத ஊர்களில் புயல்! இந்த வறட்சிக்கும் அந்தப் புயலுக்கும் இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டிவிட முடியாது. ஆனால் காலம் தன் ஒழுங்கை மறந்துகொண்டிருக்கிறது என்பதை நெஞ்சறிய மறுப்பவர் எவருமில்லை.

சரி, ஒரு குடும்பம் விசிறியோடு நிறுத்திக்கொண்டால் ஆகாயம் குளிர்ந்துவிடுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். குளிராது. எந்தத் தெர்மாமீட்டரும் அதைக் காட்டாது.

நம் ஊர்களில் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. கோடையில் கண்மாய்த் தூர் எடுக்க வீட்டுக்கு வீடு ஆள் போக வேண்டும். பல ஊர்களில் நிலம் அதிகம் உள்ளவர் அதிக ஆள் அனுப்ப வேண்டும். 1858-இல் சென்னை மாகாணத்தில் இதற்குச் சட்டமே போட்டார்கள். ஒருவன் எடுக்கும் ஒரு கூடை வண்டலால் கண்மாய் ஆழமாகிவிடாது என்பது அன்றைய குடியானவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் “என் கூடையால் என்ன ஆகும்?” என்று கேட்கவில்லை, “என் பங்கு எத்தனை கூடை?” என்று கேட்டான். பழங்காலம் பொற்காலம் என்று மயங்கிச் சொல்லவில்லை. பண்ணையார் தாமே மண்வெட்டி பிடித்தார் என்று யாரும் நம்ப வேண்டாம். அவர் பெயரில் வண்டல் சுமந்தவன் வேறொருவன். அந்த அநியாயத்தை இன்றும் நாம் விட்டபாடில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கண்மாய்க்கரையில் வராதவனை எண்ண ஆள் இருந்தது. ஆகாயத்துக்குக் கணக்குப்பிள்ளை இல்லை. ஹவாய்த் தீவின் மலை ஒன்றில் 1958-லிருந்து கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள். அன்று பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மொத்தம் தெரிகிறது, யார் பங்கு எவ்வளவு என்று வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல எவருமில்லை. எண்ணுவதற்கு ஆளில்லாத இடத்தில் ஒருவன் தன் பங்கைத் தானே எண்ணிக்கொள்ள வேண்டும். அங்கேதான் நாம் தடுக்கி விழுகிறோம். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது அவசர அவசரமாகக் குழாய் பொருத்தினோம். எண்ண ஆள் வந்தார்கள். அந்தக் குழாய்களில் எத்தனை இன்று அடைபடாமல் இருக்கின்றன? ஆயிரம் சதுர அடி மாடியில் 800 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 74,000 லிட்டர். என் வீட்டுக் குழாயில் பல்லி முட்டையிட்டிருந்ததைப் போன மாதந்தான் பார்த்தேன்.

பெட்டியை மாற்றினேன். மாடிக்கு ஏற்றியாயிற்று. அதிலும் ஒரு சங்கடம். “குழாய் நீளம் கூடுது சார், கரண்ட் கொஞ்சம் அதிகமா இழுக்கும்” என்றான் மெக்கானிக். எதிர்வீட்டுக்காரிக்குக் கொட்டிய வெப்பத்தை, முகம் தெரியாத யாருக்கோ மாற்றிக் கொட்டுகிறேன் என்று அர்த்தம். அதை ஈடுகட்ட 26 டிகிரியில் வைத்து விசிறியையும் சுழல விடுகிறோம். டிகிரி ஒன்றுக்குச் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று அரசாங்கத்தார் சொல்கிறார்கள். அம்மா தூங்கியதும் நிறுத்திவிட வேண்டும் என்று ஏற்பாடு. சில இரவுகளில் நிறுத்துகிறேன். சில இரவுகளில் நானும் அந்த அறையிலேயே தூங்கிப் போகிறேன்.

எதிர்வீட்டில் சாக்கை எடுத்துவிட்டார்கள். மாசித் திருவிழாவுக்கு முன்பே அவள் தன் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. அவளும் மகனும் ஏறி அடித்தார்கள். ஏணி எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. அதை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை.