உங்களுக்கு என்ன வேண்டும்?

கல்லூரியில் கூடப் படித்த நண்பன் ஒருவன் மில்லர்புரத்தில் குடியிருக்கிறான். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் பேராசிரியர். போன மாதம் தூத்துக்குடி போயிருந்தபோது ஒரு கட்டுப் பேப்பரை என் முன்னால் வைத்தான். மாணவர்களின் உடல்நலத் தேவை பற்றிய சர்வே. கல்லூரியில் ஆரோக்கியத் திட்டம் ஒன்று ஆரம்பிக்கப் போகிறார்களாம், அதற்கு முன்னோட்டம்.

எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், யோகா வகுப்பு வைத்தால் வருவீர்களா, ஜிம் வேண்டுமா என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் டிக் அடித்தால் போதும். கடைசியில், 'வேறு தேவைகள்' என்று ஒரே ஒரு கோடு.

நான் அந்தக் கோட்டை மட்டும்தான் படித்தேன். பையன்கள் பெரும்பாலும் காலியாக விட்டிருந்தார்கள். பெண்கள் எழுதியிருந்தார்கள். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். குழாயில் தண்ணீர் வர வேண்டும். ஒரு பெண், சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவரை தண்ணீரே குடிப்பதில்லை என்று எழுதியிருந்தாள். தருவைகுளம், புன்னைக்காயல், முள்ளக்காடு என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். எங்கள் ஊர் வெயில் உப்பு விளைகிற வெயில். அதில் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று வராமல் என்ன செய்யும்?

"யோகாவுக்கு மாஸ்டர் ரெடி. பாத்ரூம்லாம் கட்டடக் கமிட்டி விஷயம் மாப்ள, நம்ம கைல இல்ல" என்றான்.

"பின்ன எதுக்குலே கேட்ட?"

"கேக்காம எப்படித் தெரியும்?"

நியாயமான பதில்தான். ஆனாலும் உறுத்தியது. நான் பி.காம். படித்தவன். கையெழுத்துப் போட்டுச் சரக்கை வாங்கி வைத்துவிட்டால், பணம் இருக்கிறதோ இல்லையோ, அந்தத் தொகை பொறுப்புப் பக்கத்தில் ஏறிவிடும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேள்வி மட்டும் இலவசமா? 'உனக்கு என்ன வேண்டும்' என்று ஒருத்தரிடம் கேட்டு, அவரும் நம்பிப் பதில் சொன்ன பிறகு, கேட்டவருக்கு ஒரு கடன் வந்துவிடுகிறதா இல்லையா?

காமராஜரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம், பள்ளிக்கூடம் போகலையா என்று கேட்கிறார். போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. அவர் கேட்டது படிப்பைப் பற்றி. அவன் சொன்னதோ பசியைப் பற்றி. 'கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்' என்று அவர் அதை ஒதுக்கவில்லை. நம் சர்வேக்களில் அந்தப் பையனின் பதில் 'வேறு தேவைகள்' கோட்டில் போய் உட்கார்ந்திருக்கும்.

சரி, காலியாக விட்டவர்களுக்குத் தேவையே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்கிறார் அமர்த்தியா சென். 1944ல், வங்காளப் பஞ்சத்துக்கு மறு வருடம், கல்கத்தா பக்கம் சிங்கூரில் எடுத்த சர்வேயை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். விதவைகள் அவ்வளவு திடகாத்திரமாகவா இருந்தார்கள்? தன் உடம்பு கவனிக்கத் தக்கது என்ற நினைப்பே அவர்களுக்கு வராமல் வளர்க்கப்பட்டிருந்தார்கள். நீண்ட ஆயுள் வாழும் கேரளாவில்தான் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம், பீகாரில் ரொம்பக் குறைவு என்பதும் அவர் காட்டிய உதாரணமே.

நம் வீட்டுப் பெண்களையே பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்களில் எத்தனை பேர் ஒரு படிவத்தில் 'எனக்கு ரத்தம் குறைவு' என்று எழுதுவார்கள்? 'அசதியா இருக்கு' என்று அம்மாவிடம் சொன்னால், 'எனக்கும்தான்டீ' என்பது பதில். இதற்குக் கேள்வித்தாள் எதற்கு, விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது.

முத்துக் குளித்த காலத்தில் எங்கள் கடலிலும் சர்வே உண்டு. அரசாங்கம் முத்துப்பாரில் ஆட்களை இறக்கி மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து வரச் சொல்லும். அதில் கிடைக்கும் முத்துக்கு விலை மதிப்பார்கள். தேறினால்தான் சலாபம் நடத்த அறிவிப்பு. தேறாவிட்டால் இல்லை. 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசித் தொடர். சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டுச் சும்மா போகலாம், சிப்பி எதையும் எதிர்பார்க்காது. பத்தொன்பது வயசுப் பெண் எதிர்பார்ப்பாள். இரண்டு தடவை ஏமாந்தால் மூன்றாவது தடவை அவளும் கோட்டைக் காலியாக விடுவாள்.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. பல கல்லூரிகள் இந்தப் படிவத்தை அப்படியே இறக்கி நகலெடுத்துக் கொடுத்துவிடுகின்றன. ஒரு பையன் 'தினமும்' என்று டிக் அடிக்கிறான். பேப்பர் கட்டப்பட்டு பீரோவுக்குள் போகிறது. நாக் குழு வரும்போது எடுத்துக் காட்ட வேண்டுமே! அவனைப் பொறுத்தவரை அவன் சொல்லிவிட்டான். யாரும் வரவில்லை. 2022ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அன்றைக்கே படித்துப் பார்த்து, அன்றைக்கே அவனோடு பேச ஆள் இல்லையென்றால், அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு கல்லூரிக்கு உரிமை கிடையாது. குறைந்தபட்சம் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையாவது அந்தக் கேள்விக்குக் கீழே பெரிதாக அச்சடியுங்கள்.

அதற்காக, செய்ய வழியில்லாததைக் கேட்கவே கூடாது என்கிறேனா? அதுவும் தப்பு. முந்நூறு பெண்கள் தாழ்ப்பாள் கேட்டார்கள் என்ற பேப்பர் கையில் இருந்தால்தான் கட்டடக் கமிட்டியோடு சண்டை போட முடியும். நண்பன் சொன்னதில் அந்தப் பாதி உண்மை. ஆனால் சண்டை போட வேண்டும். எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்பதை எழுதிக்கொடுத்தவர்களிடமே நோட்டீஸ் போர்டில் சொல்ல வேண்டும். 'பெயர், ரோல் நம்பர்' என்ற கட்டத்தையும் எடுத்துவிட வேண்டும். ரோல் நம்பரைப் போட்டுவிட்டு 'சிகரெட் பிடிப்பீர்களா' என்று கேட்டால் அது சர்வே இல்லை, விசாரணை.

நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்லது. ஆளைப் போட்டுவிடுவார்கள். அவருக்கு அறை எங்கே ஒதுக்குவார்கள் என்பதுதான் என் கவலை. பிரின்ஸ்பால் ரூமுக்கு எதிர்த்தாற்போல் போட்டால் எந்தப் பிள்ளை கதவைத் தட்டும்? எங்கே வைக்கலாம் என்று மாணவர்களிடமே கேட்கலாம். சொன்ன இடத்துக்கு மறுநாளே மேஜை நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட முடியும்.