தொற்று என்னும் சொல்

மாட்டுக்கு வாயிலும் காலிலும் கொப்புளம் கண்டு வரும் நோயைக் கோமாரி என்கிறோம். காணை என்றும் பெயருண்டு. 'கோ' என்பது பசு. 'மாரி' என்பதற்கு மழை, கொள்ளைநோய், அந்நோய்க்குரிய அம்மன் எனப் பல பொருள். மேலிருந்து இறங்குவது, நம் கைக்கு எட்டாதது என்னும் எண்ணம் அப்பெயரிலேயே இருக்கிறது. தொழுவத்தில் வேப்பிலை கட்டுவோரை நான் குறைசொல்லேன். எனினும் நோயை அறிய 'தொற்று' என்ற சொல்லே நல்ல வாசல்.

தொற்றுதல் என்றால் ஒன்றைப் பற்றிக்கொண்டு போதல். பேருந்தின் படியில் ஒருவர் தொற்றிக்கொண்டு போகிறாரே, அதே வினை. தொற்றப் பிடிமானம் வேண்டும். கோமாரியில் அப்படித் தொற்றுவது ஒரு வைரஸ். 1898இல் லோஃப்லர், ஃப்ராஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள், பாக்டீரியா நுழைய இயலாத வடிகட்டியில் வடித்தெடுத்த கொப்புள நீரும் நோயைத் தருவதைக் கண்டனர். விலங்குநோய் வைரஸ்களில் முதலில் அறியப்பட்டது இந்தக் கோமாரி வைரஸ்தான்.

நோய் கண்ட மாட்டைக் காணுமுன் கேட்கலாம். தீவனத்தை விட்டு ஒதுங்கி நின்று சப்புக்கொட்டும். வாயிலிருந்து நுரைத்த எச்சில் கயிறாகத் தொங்கும். காய்ச்சல் 104 பாகை ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். நாக்கை மெல்லப் பிடித்து இழுத்தால் மேல்தோல் கையோடு உரிந்து வரும். குளம்பிடையில் புண் கண்டதால் காலை உதறும். மடிக்காம்பிலும் கொப்புளம் எழும். பால்குடிக்கும் கன்றுக்கோ புண் தோன்றுமுன்பே இதயத்தசை நலிந்து உயிர் போகலாம். ஆகவே நோயுற்ற தாயிடம் கன்றை ஊட்டவிடலாகாது.

இனிப் பிடிமானத்துக்கு வருவோம். எச்சில், மூச்சு, பால், சாணம் அனைத்திலும் வைரஸ் உண்டு. கொப்புளம் எழுமுன்பே பாலில் வெளிப்படத் தொடங்கிவிடும். ஆதலால் நேற்றுவரை நலமாகத் தெரிந்த மாட்டைக் கறந்த கை, இன்று அடுத்த வீட்டுத் தொழுவத்துக்குள் நுழைகிறது. பொதுத் தண்ணீர்த்தொட்டி, தீவனச் சாக்கு, வண்டிச் சக்கரம் யாவும் படிக்கட்டுகளே. தடுப்பூசி போட வீடுவீடாக வருபவரின் செருப்பும் ஊசியும்கூட அப்படித்தான். வீட்டுக்கு வீடு ஊசியை மாற்றச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வைரஸை அழிக்கும் மருந்து நடைமுறையில் இல்லை. செய்யக்கூடியது புண்ணைப் பேணுதல்: வாயைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த இளஞ்சிவப்பு நீரால் கழுவி, போரிக் பொடியைக் கிளிசரினில் குழைத்துத் தடவுவது, கஞ்சியும் பசும்புல்லும் தருவது, கால்புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்காமல் வேப்பெண்ணெய் பூசுவது. எதிருயிரி ஊசி புண்ணில் பின்னர் ஏறும் பாக்டீரியாவுக்கு மட்டுமே. அதைக் கால்நடை மருத்துவர் முடிவுசெய்யட்டும். இவ்வைரஸுக்குக் காரம் ஆகாது. தொழுவத்தை 100 லிட்டர் நீருக்கு 4 கிலோ சலவைச் சோடா கரைத்துக் கழுவலாம்.

காப்பு தடுப்பூசியில் இருக்கிறது. இந்தியாவில் உலவும் ஓ, ஏ, ஆசியா 1 ஆகிய மூவகைக்கும் ஒரே ஊசி. நான்கு மாதக் கன்று முதல் ஆறு மாதத்துக்கொரு முறை. 2019 முதல் மத்திய அரசின் திட்டத்தில் இலவசமாகவே போடப்படுகிறது. ஓரிரு நாள் பால் குறையலாம் என்று அஞ்சித் தவிர்ப்பது, என் மதிப்பீட்டில், மோசமான கணக்கு. கோமாரியிலிருந்து மீண்ட கறவை பல, வெயிலில் நாய்போல் இளைக்கும். சினை பிடிக்கவும் தாமதமாகும். மீண்ட மாட்டின் தொண்டையில் வைரஸ் சில ஆண்டுகள்கூடத் தங்கியிருக்கக்கூடும்.

புதிதாக வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். நோயுற்றதைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அது குற்றமும் ஆகும்.