பசித்தவன் வேடம்

வள்ளலார் நாடகம் என்றால் பாத்திரப் பட்டியல் கிட்டத்தட்ட எழுதி வைத்ததுபோலத்தான். இராமலிங்க அடிகள், அண்ணன் சபாபதி, ஆசிரியர் காஞ்சிபுரம் சபாபதி முதலியார், மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார், கருங்குழி வேங்கட ரெட்டியார், ஆறுமுக நாவலர், ஒரு நீதிபதி. எல்லாருக்கும் கீழே கடைசி வரியாக, "ஏழைகள் – ஆறு பேர்". அவர்களுக்குப் பெயரும் இல்லை, வசனமும் இல்லை. கிழிந்த துணியைக் கட்டிக்கொண்டு, கையில் ஓடு ஏந்தி இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். யாருடைய பசியைப் பார்த்து அந்த மனிதர் அடுப்பு மூட்டினாரோ, அவர்களே கதையில் வாயில்லாமல் நிற்கிறார்கள். இது எனக்கு வெகுநாளாகவே உறுத்தல்.

தைப்பூசத்தை ஒட்டி எங்கள் கோவில்பதாகையில் தெருப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போடலாம் என்று பேச்சு எழுந்தபோது, எழுதித் தருகிற வேலை என்னிடம் வந்தது. டேங்க் ஃபேக்டரியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் வேலை பார்க்க வந்து, ஏரிப் பக்கம் மனை வாங்கிக் குடியேறிய குடும்பங்கள்தான் இங்கே அதிகம். "வள்ளலார்னா வடலூர் சார், நம்ம ஏரியாவுக்கு என்ன சம்பந்தம்?" என்று ஒரு பையனின் அப்பா கேட்டார். சம்பந்தம் உண்டு. தந்தை இராமையா பிள்ளை இறந்ததும் தாய் சின்னம்மையார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது தன் பிறந்த ஊருக்கு, பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்துக்கு. அது எங்கள் திருவள்ளூர் மாவட்டம். பிறகு 1858 வரை வள்ளலார் வாழ்ந்தது சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில். திருவொற்றியூரைப் பாடியதுபோலவே திருமுல்லைவாயிலையும் பாடியிருக்கிறார். திருவருட்பாவில் அந்தப் பதிகங்கள் இருக்கின்றன. முல்லைவாயில் எங்களுக்குப் பக்கத்து ஊர். பௌர்ணமியன்று கொடியிடை அம்மனைப் பார்க்க எங்கள் தெருப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் போய்வருகிற ஊர்.

வேடம் பிரிக்கும்போது பிள்ளைகள் எல்லாரும் வள்ளலாராகத்தான் வர வேண்டும் என்றார்கள். முக்காடிட்ட வெள்ளாடை, கைகட்டி நிற்கும் அந்தத் தோற்றம், அதற்கு ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. அண்ணி வேடத்துக்கு மட்டும் யாரும் கைதூக்கவில்லை. பழைய பட்டியல்களில் அவருக்கு இடமே கிடையாது, நான்தான் சேர்த்தேன். முழு நாடகத்தையும் அவரை வைத்தே எழுதலாம் என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

வரலாற்றாசிரியர்கள் சொல்லும் கதை இது. படிப்பில் நாட்டமில்லாமல் கந்தகோட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிற தம்பியின் மேல் அண்ணனுக்குக் கோபம். தம்பிக்குச் சோறு போடக்கூடாது என்று மனைவிக்குக் கட்டளை. அந்தப் பெண் என்ன செய்தார்? கணவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பின்வாசல் வழியாகப் பிள்ளையை அழைத்துச் சாப்பாடு போட்டார். வீட்டில் விசேஷம் நடந்த ஒரு நாள், வந்தவர்களெல்லாம் உண்டு முடித்துப் போன பிறகு பின்வாசலில் வந்து நின்ற பையனைப் பார்த்து, இந்த வீட்டுப் பிள்ளை இப்படித் திருட்டுத்தனமாகச் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று அழுதுவிட்டார். அந்த அழுகைதான் இராமலிங்கரை வீட்டுக்குள் திரும்ப அழைத்து வந்தது. மாடியறையில் கண்ணாடி வைத்து, விளக்கேற்றி, முருகனைக் கண்டது அதற்குப் பிறகு.

அந்த அண்ணியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கையில் காசில்லை, வீட்டில் அதிகாரமில்லை, கணவரை எதிர்த்துப் பேசுகிற காலமுமில்லை. கிடைத்ததெல்லாம் ஒரு பின்வாசலும், பானையில் மிச்சமிருந்த சோறும். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவு செய்தார். வடலூரில் சத்திய தருமச்சாலை திறந்தது 1867 மே 23. ஆனால் அங்கே பரிமாறிய சோற்றின் முதல் கவளத்தை ஏழுகிணற்றுப் பின்வாசலில் அந்தப் பெண் போட்டுவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். பசியை "ஆபத்து" என்ற வரிசையில் வைத்து ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அடிகள் எழுதியபோது, அது ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்ட பசியாக இருந்திருக்காது.

மகான்களின் கதையை நாம் சொல்லும் முறையில் ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது. "அவங்க தெய்வப் பிறவி, நம்மால ஆகுமா?" என்று கும்பிட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது. ஜோதியில் தொடங்கி ஜோதியில் முடிகிற நாடகத்தில் நமக்கு நிற்க இடமில்லை. எதிரே உட்கார்ந்து பார்க்கத்தான் இடம். பட்டியலை நிதானமாக நிரப்பிக்கொண்டு போனால் காட்சி மாறுகிறது. பாடல்களை அச்சிட அடிகள் இசையாதபோது, அவர் சம்மதிக்கும்வரை ஒருவேளைதான் உண்பேன் என்று வைராக்கியமாக இருந்த இறுக்கம் இரத்தின முதலியார் வருகிறார். சாலை கட்டுவதற்குச் சுமார் 80 காணி நிலத்தை எழுதிக்கொடுத்த பார்வதிபுரம் ஊர்மக்கள் வருகிறார்கள். மானாவாரிக் காட்டில் ஒரு குடியானவனுக்கு ஒரு காணி என்றால் என்ன என்பது எங்கள் தெருவில் தவணை கட்டி அரை கிரவுண்டு வாங்கியவர்களுக்குச் சொல்லாமலே புரியும். சாலையில் அரிசி தீர்ந்துபோன ஒரு நாளில் வண்டிகளில் அரிசி வந்து இறங்கிய கதை உண்டு. அதை அற்புதமாகச் சொல்வார்கள்; சொல்லட்டும். மூட்டையை முதுகில் சுமந்து இறக்கியவர் ஒருவர் இருந்திருப்பாரே, அவருக்கும் என் நாடகத்தில் ஒரு வரி உண்டு.

ஏறத்தாழ அதே காலத்தில் ஐரோப்பாவிலும் இப்படி ஒரு கதை நடந்தது. 1859 ஜூன் 24, இத்தாலியில் சோல்ஃபெரினோ போர். தொழில் விஷயமாக அந்தப் பக்கம் போன ஜெனீவாக்காரர் ஆன்ரி துனாந், காஸ்திக்லியோனே என்ற ஊரில் காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் கிடப்பதைப் பார்த்தார். அவரும் வெள்ளாடைக்காரர்தான், அந்த உடையை வைத்தே அவரை அடையாளம் சொன்னார்களாம். பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்ததும், 1901இல் முதல் நோபல் அமைதிப் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்ததும் உலகத்துக்குத் தெரியும். அவரைப் பற்றிப் படங்களும் வந்திருக்கின்றன. ஆனால் சண்டை போட்டவர்கள் எந்த நாட்டார் என்று பாராமல், அத்தனை பேரும் சகோதரர்கள் என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் கொடுத்தவர்கள் காஸ்திக்லியோனேயின் பெண்கள். துனாந் அதைத் தன் புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கதையை எடுத்துக் கையாண்டவர்கள்தான் அந்தப் பெண்களைக் கூட்டமாக்கிவிட்டார்கள். வடலூரில் சாலை திறந்த அதே 1867இல் துனாந் கடனில் மூழ்கித் திவாலானார். பிறகு நெடுங்காலம் அவரே அடுத்தவர் உதவியில் வாழ்ந்தார். உதவுகிறவர், உதவி பெறுகிறவர் என்ற இரண்டு வேடத்தையும் ஒரே ஆள் போட வேண்டியிருந்தது.

எதிர்வேடத்துக்கு வருகிறேன். மேடை நாடகத்துக்கு வில்லன் வேண்டும் என்பதால் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை உருட்டு விழியோடு நிறுத்திவிடுகிறார்கள். அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை கடுமையானதுதான். 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை அது போனது. ஆனால் அதே நாவலர், 1870களின் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் பணம் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியவர். பாட்டை வைத்து மோதிக்கொண்ட இரண்டு பேரும் பசித்தவன் முன்னால் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். நாவலர் வேடம் போடும் பையனிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நான் மொறைக்க வேணாமா அங்கிள்?" என்று கேட்டான். வாதாடும்போது மட்டும் கோபமாகப் பேசு, மற்றபடி நல்ல மனுஷன் என்றேன். அவன் இப்போது மிக நன்றாகச் செய்கிறான்.

ஒத்திகை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடக்கிறது. தருமச்சாலைக் காட்சியில் "ஏழை"யாக வருகிற பையன் இலை போட்டதும் பாய்ந்து பாய்ந்து அள்ளித் தின்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பாட்டி எழுந்து வந்தார். பல வருஷம் ஒரு பள்ளியில் சத்துணவுக்குச் சமைத்தவர். "பசிச்சவன் அப்பிடித் தின்னமாட்டான்டா கண்ணு. மொத வாயி உள்ள எறங்காது. சோத்தப் பெசஞ்சுட்டு ஒரு நிமிசம் சும்மா இருப்பான். தண்ணி குடிப்பான். அப்பறந்தான் எடுத்து வப்பான்" என்று சொல்லி, தானே சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்துகாட்டினார். வலது கையைச் சோற்றில் வைத்தபடி, இடது கையால் இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார், யாராவது இழுத்துவிடுவார்களோ என்பதுபோல. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளிடம் இந்தப் பிடியைப் பார்த்திருக்கிறாராம். நான் எழுதிய பக்கம் பக்கமான வசனத்தில் இல்லாத விஷயம் அந்த இடது கையில் இருந்தது.

எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய 1982க்கு முன்னும் பின்னும், சோறு போட்டவர்கள் என்றால் தலைவர்களின் பெயரைத்தான் நாம் சொல்லிவந்திருக்கிறோம். சொல்ல வேண்டியதுதான், முடிவெடுத்தவர்கள் அவர்கள். புகையில் நின்று கரண்டி பிடித்த ஆயாக்களை எந்தப் பாத்திரப் பட்டியலில் எழுதினோம்? தருமச்சாலையின் அடுப்பு 1867இலிருந்து அணையவில்லை என்கிறோம். அடுப்பு தானாக எரியாது. இத்தனை காலமும் ஒவ்வொரு விடியலிலும் யாரோ எழுந்து விறகு தள்ளியிருக்கிறார்கள். அந்த வேடத்தைப் பாட்டியையே போடச் சொல்லியிருக்கிறேன். வசனம் எழுதித் தரவில்லை. அவருக்கு அது தேவையில்லை.

இன்னொரு மாற்றமும் செய்தேன். ஏழுகிணற்றுப் பின்வாசலில் நிற்கும் சிறுவன் இராமலிங்கமாக வருகிற பிள்ளையே, வடலூர்ப் பந்தியில் முதல் ஆளாக உட்காருகிறான். பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். இருக்கட்டும். சோறு போட்டவர் ஒரு காலத்தில் சோற்றுக்கு நின்றவர் என்பது அந்தக் குழப்பத்தில்தான் விளங்கும்.

கடைசிக் காட்சி பற்றித்தான் இன்னும் பேச்சு நடக்கிறது. ஏழு திரை விலகி, எல்இடி விளக்கு எரிந்து, கைதட்டலோடு முடிய வேண்டும் என்பது பெற்றோர் விருப்பம். ஜோதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் பந்திக் காட்சி முழுதாக நடக்க வேண்டும், யாரும் அதை அவசரப்படுத்தக்கூடாது என்கிறேன். அடிகள் சமையற்கட்டைத் திறந்தது 1867இல். சத்திய ஞானசபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. வரிசை அவர் வைத்தது. எங்கள் மேடையிலும் அதை மாற்ற வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.