கெட்டிக்காரப் பிள்ளைக்கு வேலை கொடுங்கள்



அல்லாஹு தஆலா எல்லாப் பிள்ளைகளுக்கும் அறிவைக் கொடுத்திருக்கிறான். ஒரே அளவாகக் கொடுக்கவில்லை. மக்தபில் தினமும் பார்க்கிறோம். ஒரு பிள்ளைக்கு ஒரு வாரம் பிடிக்கிற ஸபக், இன்னொரு பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் மனப்பாடமாகிவிடும். மீதி நேரம் அவன் என்ன செய்வான்? பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். சேட்டைக்காரன் என்று பெயர் வாங்கியவர்களில் சிலர், கொடுக்கிற பாடம் போதாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள்.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது பனூ நஜ்ஜார் குடும்பத்தார் ஒரு சிறுவரை அழைத்து வந்தார்கள். ஸைத் பின் ஸாபித் (ரலி). வயது 11. அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட சூராக்கள் மனப்பாடம். ஓதிக் காட்டினார்கள், நபியவர்கள் மகிழ்ந்தார்கள். நாமாக இருந்தால் மாஷா அல்லாஹ் சொல்லி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருப்போம். நபியவர்கள் வேலை கொடுத்தார்கள். யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அரை மாதத்தில் கற்றுவிட்டதாக ஸைத் (ரலி) அவர்களே அறிவிப்பது திர்மிதியில் இருக்கிறது. அதன்பின் அவர்களுக்குக் கடிதம் எழுதுவதும், அங்கிருந்து வருவதைப் படித்துக் காட்டுவதும் இந்தச் சிறுவர்தான். பிற்காலத்தில் அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒன்று திரட்டும் பொறுப்பை ஒப்படைத்தது யாரிடம்? இருபதைச் சற்றே தாண்டியிருந்த இதே ஸைதிடம்தான்.

ஒருவனுக்கு மட்டும் தனிக் கவனிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. உமர் (ரலி) அவர்களிடமே கேட்டார்கள். பத்ரில் கலந்துகொண்ட பெரியவர்களின் சபையில் இளைஞர் இப்னு அப்பாஸை (ரலி) உட்கார வைத்தபோது, எங்களுக்கும் இவர் வயதில் மகன்கள் இருக்கிறார்களே என்றார்கள் சிலர். உமர் (ரலி) வாதாடவில்லை. ஒருநாள் எல்லோரையும் வைத்துக்கொண்டு சூரத்துந் நஸ்ரின் கருத்தைக் கேட்டார்கள். வெற்றி வந்தால் அல்லாஹ்வைப் புகழ வேண்டும் என்பதுதான் என்றார்கள் சிலர். சிலர் பேசவே இல்லை. இப்னு அப்பாஸ் (ரலி) மட்டும், இது நபியவர்களின் மறைவு நெருங்கியதை அறிவிக்கிறது என்றார்கள். நான் அறிந்ததும் அதுவே என்றார்கள் உமர் (ரலி). புகாரியில் வருகிற செய்தி.

அடுத்தது காசு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தந்தையை இழந்தவர்கள். உஸ்தாதுக்குக் கொடுக்கத் தாயாரிடம் எதுவும் இல்லை. உஸ்தாத் எழுந்து போகும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளை இவர் பார்த்துக்கொண்டார். அதையே கூலியாக ஏற்றுக்கொண்டார் அந்த உஸ்தாத். அந்த மனிதரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. கூலியில் அவருக்கு எவ்வளவு பங்கு போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

நம் மஹல்லாவில் கணக்கில் கெட்டிக்காரனான பையன் பத்தாவதோடு மாமா கடைக்குப் போகிறான். பெண் பிள்ளையாக இருந்தால் அவள் கெட்டிக்காரி என்று கவனிப்பதற்கே ஆளில்லை.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டில் 48,000. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் பள்ளிக்கூடம் வழியாகத்தான். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில் எட்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால், ஆணோ பெண்ணோ, இன்று மஃக்ரிபுக்குப் பிறகு ஜமாஅத் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். வருமானச் சான்றிதழ் இல்லாதவர்கள் ரேஷன் கார்டோடு வாருங்கள். இ-சேவை மையத்துக்கு நம் இளைஞர்கள் அழைத்துப் போவார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருவர் மஃக்ரிப் முதல் இஷா வரை கணக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்தால் மக்தப் அறையைத் திறந்து வைக்கிறேன்.