பிரயாணியின் ஸதகா

கொடுப்பது நன்மை என்பதில் முஸ்லிம்களாகிய நம்மிடையே இரண்டு கருத்து கிடையாது. ஆனால் கொடுத்த பொருள் வாங்கியவருக்கு உதவாமற் போனால் அந்த நன்மையின் கதி என்ன? நிய்யத் சரியாக இருந்தால் போதுமா? பொருள் போய்ச் சேரும் இடத்தையும் நாம் ஆராய்ந்தாக வேண்டுமா? வியாபாரத்தை முன்னிட்டும் ஊர் பார்க்கும் ஆசையாலும் ஆப்பிரிக்கக் கரைக்குச் செல்லும் நம்மவர்களில் சிலர், அங்குள்ள ஏழைப் பள்ளிக்கூடங்களுக்கு எதை எடுத்துச் செல்லலாம் என்று கேட்கிறார்கள். ஆகவே இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல.

ஸான்ஸிபார் தீவையே எடுத்துக் கொள்வோம். 1964ல் தங்கனீக்காவுடன் இணைந்து, தான்ஸானியா என்று பெயர் பெற்ற நாட்டின் பகுதி அது. மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நமது கடற்கரை ஊர்கள் பலவற்றைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அவர்களுடைய கிஸ்வாஹிலி மொழியில் பேனாவுக்குக் 'கலாமு', நூலுக்குக் 'கிதாபு', கல்விக்கு 'எலிமு', ஆசிரியருக்கு 'ம்வாலிமு'. கலம், கிதாப், இல்மு, முஅல்லிம் என்று ஓதி வளர்ந்த நமக்கு இச்சொற்கள் அந்நியமா? (பள்ளிக்கூடத்தை மட்டும் 'ஷூலே' என்பார்கள். அது ஜெர்மானியர் விட்டுச் சென்ற சொல்.) தர்மத்திற்கும் அவர்கள் வழங்குவது நமது 'ஸதகா'வைத்தான்.

அங்கே கீழ் வகுப்புகளில் பாடம் நடப்பது கிஸ்வாஹிலியில். இங்கிருந்து ஒருவர் தம் பிள்ளைகள் படித்து முடித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் பெட்டி நிறையச் சுமந்து செல்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பனி பெய்யும் ஊரின் கதை, அறியாத மொழியில்! அது அலமாரியில் கரையானுக்கு உணவாகும். கொண்டு போனவருக்கோ வீட்டில் இடம் காலியாயிற்று. இதில் யாருடைய தேவை நிறைவேறியது? கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே வாங்க மாட்டாத மட்டமான பொருளைத் தேடிச் செலவிடக் கூடாதென்று அல்பகரா சூராவின் 267வது வசனம் தடுத்திருப்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

தெருவில் நின்று பேனாவும் மிட்டாயும் இறைப்பது இதைவிட மோசம். சுற்றுலாக்காரர்கள் வந்து போகும் ஏழை நாட்டு ஊர்கள் பலவற்றில், அந்நியரைக் கண்டதும் சிறுவர்கள் கைநீட்டி ஓடி வருவது இப்படிப் பழக்கியதால்தான். வலுத்தவன் இரண்டு பேனா பெறுவான். இளைத்தவன் அழுதுகொண்டு போவான். கேட்டு வாங்குவதை வெட்கமாகக் கருதி வளர வேண்டிய பிள்ளைக்கு யாசகத்தைக் கற்றுக் கொடுத்த பொறுப்பு யாரைச் சாரும்?

இதற்கு ஒரு மறுப்புச் சொல்லப்படலாம். இரவில் ஸதகா கொடுத்த ஒரு மனிதரின் தர்மம் முதல் நாள் திருடனிடமும், அடுத்த நாள் ஒழுக்கங்கெட்ட பெண்ணிடமும், மூன்றாம் நாள் செல்வந்தனிடமும் போய்ச் சேர்ந்தும் அது வீணாகவில்லை என்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் இருக்கிறதே, பின் ஏன் இத்தனை ஆராய்ச்சி என்பார்கள். உண்மைதான். ஆனால் அம்மனிதர் வாங்கியவர் யாரென்று அறியாமல் கொடுத்தார். விசாரித்து அறியும் வசதி இருந்தும் விசாரிக்காதவர் அந்த ஹதீஸில் புகலிடம் தேடுவது பொருந்துமா? பிரியமானதிலிருந்து செலவிடும்படி கூறும் ஆலஇம்ரான் 92வது வசனம் இறங்கியபோது, அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிக உவப்பான பைருஹா தோட்டத்தைக் கொடுக்க முன்வந்தார்கள். அதை எங்கே சேர்ப்பது என்பதைத் தாமே தீர்மானிக்கவில்லை. பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். நெருங்கிய உறவினர்களுக்குக் கொடுக்கும்படி நாயகமவர்கள் சொல்ல, அப்படியே பங்கிட்டார்கள். பொருளைப் போலவே, அதை வைக்க வேண்டிய இடத்தைக் கேட்டறிவதும் ஸதகாவைச் சேர்ந்ததென்றே நாம் விளங்குகிறோம்.

ஆகவே பிரயாணி முதலில் போக வேண்டியது தலைமையாசிரியரிடம். என்ன குறைகிறது என்று அவரைக் கேட்கட்டும். சுண்ணக்கட்டி என்பார், நோட்டுப் புத்தகம் என்பார், பெண் பிள்ளைகளின் கழிவறைக்குக் கதவில்லை என்பார். கதவை விமானத்தில் கொண்டு போக முடியுமா? அவ்வூர்க் கடைத்தெருவிலேயே வாங்கினால் அவ்வூர்த் தச்சனுக்கும் கடைக்காரனுக்கும் பிழைப்பு. நமக்குச் சுமைக்கூலி மிச்சம்.

கொடுத்த பின்பு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பும் வழக்கம் ஒன்று இப்போது பரவியிருக்கிறது. இஹ்யாவில் ஜகாத்தின் அந்தரங்கங்களைப் பேசும் பகுதியில், சொல்லிக் காட்டுவதன் வேர் தன்னை உபகாரியாக எண்ணுவதே என்றும், உண்மையில் வாங்கிக் கொண்ட ஏழைதான் நமக்கு உபகாரம் செய்தவர் என்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். உபகாரம் செய்தவரை வரிசையில் நிறுத்திப் படம் பிடிக்க யாருக்கு மனம் வரும்?

ஒரு சட்டத்தையும் சொல்லி விடுகிறோம். இவையெல்லாம் உபரியான ஸதகாவைப் பற்றியவை. ஜகாத் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்வதோ சுவர் எழுப்புவதோ முற்கால ஃபிக்ஹு மேதைகளில் பெரும்பாலோரிடம் செல்லாது. அது குர்ஆன் கூறும் எட்டு வகையினருக்கே சேர வேண்டியது. அப்பள்ளியில் படிக்கும் ஏழைப் பிள்ளையின் தந்தைக்கு அதைக் கொடுத்தால் கூடும். அவர் அதில் நோட்டும் வாங்கலாம், அரிசியும் வாங்கலாம். அது அவருடைய பணம்.