காற்றும் கூடாரமும்: யாரைச் சோதிக்கிறோம்?

‘சோதனை’ என்னும் சொல்லை நாம் இரு பொருள்களில் வழங்கி வருகிறோம். பொன்னை உரைகல்லில் உரைத்து அதன் மாற்றை அறிவதும் சோதனையே. வலுவற்றவனை வீழ்த்தும் நோக்குடன் நெருக்குவதும் சோதனையே. ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாள்தோறும் நாம் அஞ்சி விலக்க வேண்டுவது இரண்டாவதை. முதலாவதோ வாழ்வுக்கு இன்றியமையாதது. இவ்விரண்டிற்கும் இடையிலான எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது? இவ்வினா மறையியல் நூல்களில் மட்டும் எழுவதன்று. காற்று வீசும் மலையடிவாரத்தில் சாரணச் சிறுவர் கூடாரம் அடிக்கும் இடத்திலும் அது எழுகிறது.

இருவர் படுத்துறங்கத்தக்க, இரண்டு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள கூடாரங்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. நன்மனம் கொண்ட ஒருவர் பள்ளிச் சாரணர்க்கென அவற்றை வாங்கித் தருகிறார். “பிள்ளைகள் முகாமுக்குக் கொண்டு போகட்டும்; காற்றில் தாங்குமா என்பது அங்கே தெரிந்துவிடும்” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நல்லெண்ணத்தில் பிறந்த சொல்தான். ஆயினும் அதனுள் ஓர் அறக்கேள்வி மறைந்திருக்கிறது. அங்கே சோதிக்கப்படுவது கூடாரமா, அதனுள் உறங்கும் பிள்ளையா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். பாரம் குறைப்பது இரக்கச் செயலே. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவருடன் நடத்திய முதல் முகாமில், படைவீரர் பயன்படுத்திய மணி வடிவக் கித்தான் கூடாரங்களே இருந்தன. மழையில் நனைந்த கித்தானைச் சுமப்பது சிறுவர் தோளுக்கு ஏற்றதன்று. அக்காலத்திலேயே தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் தையற்கலைஞர், மிதிவண்டியில் எடுத்துச் செல்லத்தக்க மெல்லிய கூடாரங்களை வடிவமைத்தார். 1897இல் அயர்லாந்தில் அவ்வாறு பயணமும் செய்தார். 1908இல் முகாம் வாழ்வு பற்றிய கையேடு ஒன்றையும் வெளியிட்டார். கூடாரத் தொழில் செய்து பிழைத்த பவுலடியார் கண்டிருந்தால் அந்தத் தையற்கலைஞரைத் தம் கூட்டாளியாகவே கருதியிருப்பார். சுமப்பவரின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றலாகாது என்பது மலைநடையில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. நாற்பது கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அது எட்டுக் கிலோதான். அதற்குள் உணவு, நீர், போர்வை, கூடாரம் அனைத்தும் அடங்க வேண்டும். சீடரை இருவர் இருவராக அனுப்பிய ஆண்டவரும் கைத்தடி தவிர வேறெதுவும் வேண்டாம் என்றே பணித்தார்.

ஆனால் எதைக் குறைப்பது, எதைக் குறைக்கலாகாது என்பதே விவேகம். பையின் பாரத்தைக் குறைக்க முனையும் சிறுவன் முதலில் வெளியே எடுத்து வைப்பது கூடாரத்தின் முளைகளைத்தான். அவை இரும்பு, கைக்குக் கனமாகத் தெரிகின்றன, அழகுமில்லை. இரவில் கூடாரத்தை மண்ணோடு பிணைத்து வைப்பவை அவையே என்பதைப் பகலில் அவன் உணர்வதில்லை.

காற்றின் கணக்கு கண்டிப்பானது. அதன் வேகம் இரு மடங்கானால், துணியின்மேல் அது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. சூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி அங்கே மிகையாகத் தோன்றாது. நூற்றுக்கணக்கான காற்றாலைகள் அவ்வூரைச் சூழ நிற்பதும் அதனாலேயே. அத்தகைய இடத்தில் மெல்லிய நைலான் கூடாரம் பல வகையில் தோற்கக் கூடும். இரவு ஈரத்தில் நைலான் தளர்கிறது. மாலையில் விறைப்பாகக் கட்டிய கயிறு நள்ளிரவில் தொய்கிறது. தொய்ந்த துணி காற்றில் படபடக்கிறது. அந்தப் படபடப்பில் ஒரு முளை பெயர்கிறது. அதன் பாரம் அடுத்த முளைக்குச் செல்கிறது. ஒன்று பெயர்ந்தால் மற்றவை நெடுநேரம் நிற்பதில்லை.

இதையெல்லாம் அறிய வழி உண்டு. சாரணர் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னரே, காற்றுள்ள நாளில், பள்ளிக் கட்டடத்தின் அருகே திறந்த வெளியில் பெரியவர்கள் கூடாரத்தை அடித்துப் பார்க்கலாம். அதன் தாழ்ந்த முனையைக் காற்றை நோக்கி வைத்தும், பின்னர் அகன்ற பக்கத்தைத் திருப்பியும் பார்க்கலாம். துணியை நனைத்து, கயிறு எவ்வளவு தளர்கிறது என்று அளக்கலாம். வேண்டுமென்றே ஒரு முளையைப் பிடுங்கி விட்டு, எது அடுத்துப் பெயர்கிறது என்று காத்திருந்து காணலாம். தையல் கிழியட்டும், தண்டு வளையட்டும். பொருளை அது முறியும் எல்லைவரை சோதிப்பதில் பாவம் ஏதுமில்லை. பொருள் மனிதருக்காகவே உண்டானது.

மனிதரை அவ்வாறு முறியும் எல்லைவரை சோதிக்கும் உரிமை எவருக்கும் தரப்படவில்லை. இங்கேதான் நாம் தேடிய எல்லைக்கோடு ஓடுகிறது. சோதிக்கப்படாத கூடாரத்தைச் சிறுவன் முதுகில் ஏற்றி மலைக்கு அனுப்புகிறவர், பொருளைச் சோதிப்பதாக எண்ணிக்கொண்டு பிள்ளையைச் சோதிக்கிறார். விலையைக் கொடுப்பவன் ஒருவன், பயன் அறிபவர் மற்றொருவர் என்றால் அது நீதியன்று.

“துன்பம் அறியாமல் பிள்ளைகள் எப்படி வளர்வார்கள்? குளிரும் காற்றும் ஆசிரியர்கள் அல்லவா?” என்று கேட்கலாம். உண்மையே. நனையாமல் வளரும் பிள்ளை உறுதி பெறுவதில்லை. ஆனால் எவ்விதத் துன்பம்? அளவறிந்த துன்பம், உடனிருப்பவர் உள்ள துன்பம், திரும்பி வரும் பாதை திறந்திருக்கும் துன்பம். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுலடியார் இதையே கற்பிக்கிறார்: தாங்கும் வலிமைக்கு மேல் நாம் சோதிக்கப்பட இறைவன் விடுவதில்லை, சோதனையோடு தப்பும் வழியையும் வைத்திருக்கிறார். மோரியா மலையை நினைவில் கொண்டு எவரேனும் மறுப்புரைக்கலாம். அங்கும் சோதிக்கப்பட்டவர் முதிர்ந்த தந்தையே என்று விவிலியம் தெளிவாகக் கூறுகிறது. விறகை மகன் சுமந்தான். தீயும் கத்தியும் தந்தையின் கையில் இருந்தன. முடிவில், அச்சோதனையின் விலையாகப் பிள்ளை ஆவதை இறைவன் தடுத்தே விட்டார்.

சாரணியத்தை வளர்த்தோர் இதை உணர்ந்திருந்தனர். இலண்டனுக்கு அருகே கில்வெல் பூங்காவில் 1919 செப்டம்பரில் தொடங்கிய தலைவர் பயிற்சியில், வளர்ந்தவர்களே சிறுவரைப் போல அணிகளாகப் பிரிந்து கூடாரங்களில் தங்கினர். பிரான்சில் 1920இல் கத்தோலிக்கச் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான இயேசு சபைக் குரு ஜாக் செவேன், 1923 முதல் ஷமராந்து முகாமில் தலைவர்களைப் பயிற்றுவித்தார். 2012இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. பிள்ளைகளுக்கு முன்பே பெரியவர்கள் குளிரையும் ஈரத்தையும் அறிய வேண்டும் என்பதே இம்முறையின் உட்பொருள்.

2023 ஆகஸ்டில் தென் கொரியாவின் சேமங்கியத்தில் கூடிய உலகச் சாரணர் பெருவிழாவையும் எண்ணிப் பார்க்கலாம். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்த அத்திடலில் கடும் வெயிலால் பலர் நலிந்தனர். பின்னர் கானூன் சூறாவளி நெருங்கிய வேளையில், ஆகஸ்டு 8 அன்று முகாமையே கலைத்து அனைவரையும் வேறிடங்களுக்கு அழைத்துச் சென்றனர். ஏற்பாடுகளைப் பற்றிக் குறைகூறல்கள் பல எழுந்தன. எனினும் கூடாரங்களை விட்டுப் பிள்ளைகளைக் காத்தது சரியான முடிவு. ஆயத்தமாயிருத்தலே சாரணரின் விருதுவாக்கு. புறப்படவும், நிற்கவும், திரும்பவும் ஆயத்தமாயிருத்தல் என்று அதற்குப் பொருள் கொள்வோம்.

ஆரல்வாய்மொழிக்கு அருகேதான் காற்றாடி மலை இருக்கிறது. 1749இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ மூன்றாண்டுகள் வதைக்கப்பட்ட தேவசகாயம் 1752 சனவரி 14 அன்று அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்; 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அவரைச் சோதித்தவர்கள் அவரை முறிக்கவே சோதித்தார்கள். அவருடைய வேதனையில் அவர்களுக்குப் பங்கில்லை. இறைவனோ அவ்வாறு தொலைவில் நின்று நம்மை அளப்பவர் அல்லர். வாக்கு மனிதரானதைக் கூறும்போது யோவான் நற்செய்தியாளர் ஆளும் கிரேக்கச் சொல், அவர் நம்மிடையே கூடாரம் அடித்ததையே குறிக்கிறது. நம் காற்று அவர்மேலும் வீசியது.

சாரணர் அணிகளை நடத்துவோர்க்கும், அவர்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்க்கும் இதுவே நம் வேண்டுகோள்: கூடாரத்தைச் சோதித்தது யார், எப்பொழுது, எந்தக் காற்றில் என்று கேளுங்கள். முளைகளை எண்ணிப் பையில் வையுங்கள். உடன் செல்லும் பெரியவரும் அதே வகைக் கூடாரத்தில் உறங்கட்டும். விடுதிக்கும் வெளியூர் வேலைக்கும் நம் பிள்ளைகளை அனுப்பும்போதும் இந்நெறி பொருந்தும். நாம் தாங்கிப் பார்க்காத காற்றில் அவர்களைத் தனியே நிறுத்திவிட்டு, வீழ்ந்தால் அவர்களது வலுவின்மை என்று கூறாதிருப்போமாக.